அண்ணன் கழுத்துக்கு நூல் தேடியது

எங்கள் துக்கத்தில் பங்கெடுத்து, இந்த நினைவுப் புத்தகத்தைக் கையில் வாங்கியிருக்கிற சொந்தங்களுக்கும் அண்ணனோடு பழகினவர்களுக்கும் தங்கை நான் வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் தெரியும். நான் சொல்லச் சொல்ல அண்ணன் மகன் எழுதுகிறான். ஒரு சொல்லையும் அழகுபடுத்தக் கூடாது என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

அண்ணன் பிறந்ததும் வளர்ந்ததும் தூத்துக்குடியில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி. எங்கள் அப்பா சங்கு குளிக்கப் போனவர். மூச்சடக்கி மூச்சடக்கி நெஞ்சு கெட்டு, அண்ணனுக்கு மீசை முளைக்கும் முன்னே போய்விட்டார். அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மீன் ஏலக்கரைக்கு ஐஸ் உடைக்கப் போனார்கள். பிறகு கூடை தூக்கினார்கள். ஏலம் கூறுகிறவர் வராத ஒரு காலையில், நான் கூறட்டுமா என்று கேட்டு முன்னே போய் நின்றார்கள். அன்று தொடங்கி, தொண்டையில் புற்று வருகிறவரை அந்தக் கரையில் அண்ணன் குரல்தான்.

எதிர்க்காற்று அடித்தாலும் கடைசியில் நிற்கிற கருவாட்டுக்காரிக்கு அந்தக் குரல் கேட்கும். வலை கிழிந்து வந்தவனுடைய மீனை மட்டும் அண்ணன் சட்டென்று முடித்துவிட மாட்டார்கள். இழுத்து இழுத்துக் கூறி விலை ஏற்றிக் கொடுப்பார்கள். என் கல்யாணம் அந்தக் குரலில் நடந்தது. அண்ணன் பிள்ளைகள் அந்தக் குரலில் படித்தார்கள். நாங்கள் யாரிடமும் போய்க் கை நீட்டி நின்றதில்லை. இதை நான் பெருமையாகவே சொல்லுவேன்.

ஆஸ்பத்திரியில் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். மூச்சு அதன் வழியாகத்தான். குழாய் வாயை விரலால் அடைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு சொல் கரகரவென்று வரும். வீட்டுக்கு வந்தபின் அண்ணன் வாசல் தாண்டவில்லை. கரையிலிருந்து ஆள் வந்தால், தூங்குவதாகச் சொல்லும்படி மதினிக்குக் கை காட்டுவார்கள். துளையோடு நாலு பேர் முன்னால் நிற்கக் கூசுகிறார்கள் என்று நான் நினைத்தேன். துண்டைப் போட்டு மறைத்தால் மூச்சு முட்டியது.

குழாயைச் சுத்தம் பண்ண வருகிற நர்ஸ் பிள்ளை ஓட்டப்பிடாரத்துக்காரி. அவள்தான் சொன்னாள், "காத்துப் போற மாதிரி கண்ணு விட்டுப் பின்னுன மப்ளர் போடலாம் பாட்டி. ஆனா பிசிரு இருக்கப்படாது. மூச்சோட உள்ள போயிரும்."

எனக்கு வலை பின்னத் தெரியும். மப்ளர் பின்னினதில்லை. இந்த ஊர் வெயிலில் யாருக்கு மப்ளர் வேண்டியிருக்கிறது. ஆனாலும் அண்ணனை மறுபடி கரையில் பார்த்துவிட வேண்டும் என்று நூல் தேடக் கிளம்பினேன்.

மார்க்கெட் பக்கத்து ஃபேன்சி கடையில் உல்லன் நூல் இருந்தது. என் கறுப்புக் குடையை விரித்து அதன்மேல் தேய்த்துப் பார்த்தேன். குடையெல்லாம் பஞ்சு ஒட்டியது.

"என்னக்கா, நூலு வாங்க வந்தீயளா, குடை தொடைக்க வந்தீயளா?" என்றார் கடைக்காரர்.

"நூலு வாங்கத்தான் வந்தேன் அண்ணாச்சி. இது குடை தொடைக்கத்தான் ஆகும் போல."

அதன்பிறகு, கடற்கரை ஆட்களுக்கு மட்டும் தோன்றுகிற ஒரு யோசனை எனக்குத் தோன்றியது. பிசிர் இல்லாத நூல் என்றால் வலை நைலான்தானே. இரண்டு கையிலும் சுற்றி இழுத்து, அறுகிறதா என்று பார்த்தே நூல் வாங்கிப் பழகின கை இது. நல்ல உறுதியான நைலானாக வாங்கி, ஒவ்வொரு கண்ணிக்கும் முடிச்சுப் போட்டு ஒரு முழம் பின்னிவிட்டேன். நர்ஸ் பிள்ளை அதைத் தூக்கிப் பிடித்து, "பாட்டி, இது மப்ளரா, நண்டு வலையா?" என்றாள்.

அண்ணன் குழாயில் விரல் வைத்தார்கள். "நண்டு... நாந்தாம்ளா."

மதினி சிரித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அந்த வீட்டில் அன்றுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது. கழுத்தில் வைத்துப் பார்த்தோம். முடிச்சு உறுத்தித் தோல் சிவந்துவிட்டது.

நர்ஸ் பிள்ளை இரண்டு ஊசி கொண்டுவந்து, முடிச்சில்லாமல் பின்னக் காட்டிக்கொடுத்தாள். மாதா கோயில் பீடத்துணிக்கு ஓரம் பின்னுகிற முறுக்குப் பருத்தி நூல் பிசிர் விடாது என்று மதினி சொன்னார்கள். இங்கே கிடைத்ததெல்லாம் தலைமுடி கனம்தான். ஏரலில் ஒரு கடையில் தடிமனாக இருக்கிறதென்று கேள்விப்பட்டு பஸ் ஏறிப் போனேன். வெள்ளை, சந்தனம், பாசிப்பச்சை என்று மூன்று உருண்டை வாங்கி வந்து கட்டிலில் அண்ணன் முன்னால் வைத்தேன்.

கூறு வைத்த மீனைப் பார்க்கிற மாதிரி அண்ணன் பார்த்தார்கள். ஒவ்வொன்றாகப் புரட்டி, அமுக்கி, மோந்து பார்த்தார்கள். கெட்ட மீனை ஒதுக்குவதுபோல் வெள்ளையைப் புறங்கையால் தள்ளினார்கள். சந்தனமும் போயிற்று. பச்சையின் நுனியை நனைத்துக் கன்னத்தில் தேய்த்தார்கள். குடையைக் கேட்டு வாங்கி அதிலும் தேய்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்து ஒரு விரல், இரண்டு விரல், மூன்று விரல் என்று தூக்கிக் காட்டினார்கள். ஏலம் முடிந்தது.

வலை இழுத்த கை இறுக்கித்தான் பின்னும். அவிழ்த்து அவிழ்த்துத் தளரப் பின்னி முடித்தேன். ஒரு விடியற்காலை அண்ணன் தானே அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு மகனோடு கரைக்குப் புறப்பட்டார்கள். நான் பின்னாலேயே ஆட்டோவில் போனேன். யாரும் கழுத்தைப் பார்க்கவில்லை. இப்போது ஏலம் கூறுகிற தம்பி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, இந்தச் சீலா மீனு கூறை நீங்கதான் கூறணும்."

அண்ணன் மப்ளருக்குள் விரலை விட்டுக் குழாயை அடைத்தார்கள். "ஒரு" என்று வந்தது. அதற்குமேல் காற்றுதான் வந்தது. மறுபடியும் பார்த்தார்கள். வியாபாரிகள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டு காத்து நின்றார்கள். அண்ணன் அந்தத் தம்பியின் தோளைத் தட்டிவிட்டுத் திரும்பி நடந்தார்கள்.

வீட்டுக்கு வந்து மப்ளரைக் கழற்றி மடித்து என் மடியில் வைத்தார்கள்.

"உறுத்துதாண்ணே? இறுக்கிப் பின்னிட்டேனா?" என்று கேட்டேன்.

"நூலு... நல்ல நூலுளா. தொண்டதான்... இல்ல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. துளையை மறைத்தால் போதுமென்று நான் ஊர் ஊராக நூல் தேடியிருக்கிறேன். அண்ணன் கூசிக்கொண்டு வீட்டில் இருக்கவில்லை. குரல் போன துக்கத்தில் இருந்தார்கள். அதை மூட எந்தக் கடையிலும் நூல் இல்லை.

அதன்பின் அண்ணன் குழாயில் விரல் வைக்கவே இல்லை. வாடைக்காற்று தொடங்கின மாதத்தில், படகுகள் கரைக்கு வருகிற நேரத்தில், மதினி கையைப் பிடித்தபடி அடங்கினார்கள்.

சொந்தப் பிள்ளைபோல் வந்து பார்த்துக்கொண்ட நர்ஸ் பிள்ளைக்கும், அன்று அவசரப்படாமல் காத்து நின்ற வியாபாரிகளுக்கும், அடக்கத்தன்று கடலுக்குப் போகாமல் எங்களோடு நின்ற படகுக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

உங்களிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். கரையில் செல்போனில் படம் பிடிக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அண்ணன் ஏலம் கூறின குரல் யாரிடமாவது பதிவாகி இருந்தால் எங்களுக்குத் தாருங்கள். தினமும் கேட்கிற குரல்தானே என்று எங்கள் வீட்டில் யாரும் பிடித்து வைக்கவில்லை. எஞ்சின் சத்தத்துக்கும் ஆள் சத்தத்துக்கும் நடுவில் எங்கேயோ தூரத்தில் கேட்டாலும் பரவாயில்லை. எங்களுக்கு அடையாளம் தெரியும்.