பன்னிரண்டு உடுப்புகளும் நான் கட்டிய மஞ்சள் நூலும்

வேலை உடுப்பு தைத்துக் கிரஷர்களுக்குக் கொண்டுபோய்க் காட்ட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் போனது 2006 மாசியில், ஒரு திங்கட்கிழமை.

அதற்கு மூன்று வருடம் முன்பு, கல் உடைக்கும் கிரஷரில் என் மகள் ராஜாத்தியின் முந்தானை ஓடும் பெல்ட்டில் சிக்கி, வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. சேலைக்கு மேல் புருஷனின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டுதான் இங்கே பெண்கள் வேலைக்குப் போவார்கள். அவளும் போட்டிருந்தாள். சட்டைக்குள் அடங்காத முனைதான் இழுத்துவிட்டது. அவள் மகள் கயல் திருச்சியில் தையல் டிப்ளமோ முடித்ததும் முதலில் வெட்டியது, ஆணும் பெண்ணும் ஒன்றுபோலப் போடும் சட்டையும் பேண்ட்டும். ஒரே வெட்டு, ஒரே பாக்கெட், தொங்க எதுவும் கிடையாது. ஐந்தாவதோடு நின்றவள் நான். என் பேத்தி என்று சொல்லும்போது கழுத்து நிமிரத்தான் செய்கிறது.

விக்கிரமங்கலத்தில் காலை 7.10 பஸ். அரியலூர் வரை இருபது கிலோமீட்டர், ஆறு ரூபாய். அங்கிருந்து 8.15க்குப் பெரம்பலூர் பஸ், ஒரு மணி நேரம், ஒன்பது ரூபாய். பிறகு ஷேர் ஆட்டோவில் எட்டு கிலோமீட்டர். நானும் கயலும் பத்து மணிக்கெல்லாம் கிரஷரில் இருந்தோம். அங்கே வேலை பார்க்கும் பன்னிரண்டு பேரும் போட்டுப் பார்த்துச் சரி என்றால்தான் ஆர்டர் என்று முதலாளி முன்பே சொல்லியிருந்தார்.

ஆண்கள் ஆறு, பெண்கள் ஆறு என்ற கணக்கில் முதல் நாளே இரண்டு கட்டாகக் கட்டியவள் நான். பெண்கள் கட்டுக்கு மஞ்சள் நூல். அன்று வந்தது ஏழு ஆண்கள், ஐந்து பெண்கள். ஏழாவது ஆள் முருகேசனிடம் மஞ்சள் நூல் கட்டிலிருந்து ஒன்றை நீட்டினேன்.

"பொம்பள கட்டுல இருந்தத நான் போடறதா? வூட்டுக்குப் போனா எம் பொண்டாட்டியே சிரிப்பா."

"அப்ப எங்களுது வேறயா? மட்டத் துணியா?" என்றாள் அஞ்சலை. மற்ற பெண்களும் கையில் வாங்கியதைக் கீழே வைத்துவிட்டார்கள்.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "ஒத்துவராதும்மா. எடுத்துட்டுப் போயிடுங்க."

கயல் என்னைப் பார்த்தாள். "அம்மாயி, நீ ஏன் பிரிச்சுக் கட்டுன?" என்று மட்டும் கேட்டாள். கை தானாகப் பிரித்திருந்தது.

நூலை அறுத்து, பன்னிரண்டையும் தார்ப்பாயில் கொட்டிக் கலைத்தேன். "தம்பி, தப்பா கட்டுனவ நான். இதுல பொம்பள துணி எது? எடுத்துக் காட்டு."

முருகேசன் பாக்கெட்டைப் பார்த்தார், பட்டனைப் பார்த்தார், உள்பக்கம் திருப்பினார்.

"மோந்து பாருங்க மாமா, தெரியும்!" என்றாள் அஞ்சலை. சுற்றி நின்றவர்கள் சிரித்ததில் முருகேசனும் சிரித்து, கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டார். பெண்கள் லாரி எடை போடும் எடைமேடை அறைக்குள் போய் மாற்றி வந்தார்கள். பெல்ட் பக்கம் போனதும் அஞ்சலையின் கை முந்தானையைச் செருக இடுப்பில் தேடியது. முதலாளி ஒரு மாதம் பார்க்கலாம் என்றார்.

போகிறவர்கள் துணியை அளவு வாரியாகக் கட்டுங்கள், வேறெப்படியும் வேண்டாம். பெண்கள் மாற்ற ஓர் அறை உண்டா என்று முன்பே கேளுங்கள். தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், அங்கே எல்லாம் கல் தூசி. அரியலூரில் மாலை 6.40 பஸ்ஸை விட்டால் எங்கள் பக்கம் வருவது கஷ்டம்.

வீட்டில் ராஜாத்தி ஆர்டரைப் பற்றிக் கேட்கவில்லை.

"பெல்ட்டுகிட்ட குனிஞ்சாங்களா?"

"குனிஞ்சாங்க."

"எத்தன பேரு?"

"அஞ்சு பேரும்."

"அஞ்சு பேரும் வூட்டுக்குப் போயிட்டாங்களா?"

"போயிட்டாங்கடி" என்றேன். அதன் பிறகுதான் அவள் சாப்பிட உட்கார்ந்தாள்.