ஆறுதல் சொல்லும் வேலை

எங்கள் பள்ளியில் யாராவது அழுதுகொண்டு வந்தால் என்னிடம்தான் அனுப்புவார்கள். தமிழ் டீச்சர், தன்மையாகப் பேசுவார் என்று பெயர். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஆண்டு விழாவுக்கு முதல் நாள், வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு மாணவியின் அம்மா வந்தார். நடவு வேலையைப் பாதியில் விட்டு வந்தவர், சேலைக் கரையில் சேறு இருந்தது. வரவேற்பு நடனத்தில் முதல் வரிசையில் ஆடிப் பழகிய மகளைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். காரணம், பிள்ளை கறுப்பு. "முன்னாடி நிக்கிறவ எடுப்பா இருக்கணும்ல" என்று நடன டீச்சர் சொன்னதை நானும் கேட்டேன். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன்.

தலைமையாசிரியை எங்கள் இருவரையும் தன் அறையில் உட்காரவைத்து முதலில் ஜெபம் செய்தார். ஆமென் சொன்ன பிறகு அந்த அறையில் யாரும் கோபப்படக் கூடாது என்பது எங்கள் பள்ளி வழக்கம். அப்புறம் காபி வந்தது. "ஆறுதலா ரெண்டு வார்த்தை பேசி அனுப்புங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஆறுதல். வகுப்பில் எத்தனை தடவை நடத்தியிருப்பேன். ஆறு என்றால் சூடு தணிவது. சோறு ஆறும், புண் ஆறும், கோபமும் ஆறும். அதிலிருந்து பிறந்த சொல் என்று பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அடுப்பை எரியவிட்டுச் சோற்றை மட்டும் விசிறச் சொல்கிறார்களே என்று ஒரு நாளும் எனக்கு உறைக்கவில்லை. சுட்டவரை விட்டுவிட்டுச் சூடுபட்டவரைக் குளிரவைப்பது என்ன நியாயம்?

அன்றும் அதைத்தான் ஆரம்பித்தேன். "அடுத்த வருஷம் கண்டிப்பா முன்னாடி நிறுத்துறோம்மா. காபியக் குடிங்க."

அவர் டம்ளரைத் தொடவில்லை. "வீட்டுல, பஸ்ஸுல, எங்க பார்த்தாலும் ஆடிக்கிட்டே திரிஞ்ச புள்ள டீச்சர். நேத்திலருந்து மூஞ்சியத் தேச்சுத் தேச்சுக் கழுவுறா. நான் ஆறுதல் கேட்டு வரல. அவ எடத்தக் கேட்டு வந்திருக்கேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே ஒத்திகை நடந்த இடத்துக்குப் போய், பிள்ளையின் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். நடன டீச்சர் முறைத்தார். "இவ இங்க ஆடலைன்னா நாளைக்கு மைக்க நீங்களே பிடிச்சுக்கங்க" என்றேன். விழாவைத் தொகுத்துப் பேச என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது.

மறுநாள் அவள் முதல் வரிசையில் ஆடினாள். விழா முடிந்து போகும்போது அவள் அம்மா "வாரேன் டீச்சர்" என்றதோடு சரி. நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? அந்த இடத்தை அவளிடமிருந்து பிடுங்கியபோது நானும்தானே பார்த்துக்கொண்டு நின்றேன்.