ஆர்ஓ பிளான்ட்காரர் அடித்த கமாண்ட்

"கலா, பேஜ் ஓப்பனே ஆவல!"

அந்த மழைநாள் காலையில் போனில் இப்படிக் கத்தியவர் வசந்தி சிஸ்டர். வில்லியனூர் பக்கத்தில் ஒரு சின்ன டயாலிசிஸ் சென்டரில் அவர் நர்ஸ். நான் அங்கே டேட்டா என்ட்ரிக்குச் சேர்ந்து, பிறகு சர்வரையும் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தவள். பி.காம். படித்தவளுக்கு லினக்ஸ் எதற்கு என்று கேட்காதீர்கள். பழைய கம்ப்யூட்டரில் மாதம் ஒரு வைரஸ் ஏறி உயிரை வாங்கியதால் லினக்ஸுக்கு மாறினோம். "நீயே கத்துக்க கலா, தப்பு பண்ணா பார்த்துக்கலாம்" என்றார் டாக்டரம்மா. அப்படிச் சொல்லும் முதலாளி எத்தனை பேருக்குக் கிடைப்பார்? நாற்பது வயதில் கறுப்புத் திரையில் கமாண்ட் அடிக்கப் பழகினேன்.

சிஸ்டர் கத்தியதில் நியாயம் இருந்தது. அணையைத் திறக்கப் போகிறார்கள், சாயங்காலத்துக்குள் பாலத்தை மூடிவிடுவார்கள் என்று தகவல் வந்திருந்தது. மறுநாள் டயாலிசிஸுக்கு வரவேண்டியவர்கள் பதினேழு பேர். ஒரு முறை தள்ளிப்போனாலே உடம்பில் நீர் ஏறி மூச்சு முட்டும். அவர்களை அன்றே வரவழைத்தாக வேண்டும். அவர்களுடைய போன் நம்பரெல்லாம் சர்வரில், சிஸ்டர் சொன்ன அந்தப் பேஜில்தான் இருந்தன. பழைய நோட்டுப் புத்தகத்தை "இனிமே இது எதுக்கு?" என்று வீராப்பாகப் பரணில் ஏற்றியதும் நான்தான். அதில் பாதி நம்பர் மாறிப்போயிருந்தது.

நானோ கரிக்கலாம்பாக்கத்தில், வயலில் பிளாட் போட்ட நகரில் இருக்கிறேன். தெருவில் தொடையளவு தண்ணீர், ஸ்கூட்டி பாதி முழுகிக் கிடந்தது. இப்படிப்பட்ட நாளில் வீட்டிலிருந்தே எஸ்எஸ்எச் வழியாக சர்வருக்குள் போய்விடுவேன். அன்று அதுவும் முடியவில்லை. மழையில் சென்டரின் நெட் போய்விட்டது என்று நானே முடிவு கட்டினேன். ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னேன். கேபிளைப் பிடுங்கிச் செருகச் சொன்னேன். சர்வரையே அணைத்துப் போடச் சொன்னேன். முக்கால் மணி நேரம் வீணானதுதான் மிச்சம்.

சிஸ்டரால் நோயாளிகளை விட்டுவிட்டு நிற்க முடியவில்லை. போனை ஆரோக்கியம் அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவர் எங்கள் ஆர்ஓ பிளான்ட் ஆபரேட்டர். டயாலிசிஸ் மெஷின்களுக்குப் போகும் தண்ணீரைச் சுத்தம் செய்து அனுப்புவது அவர் வேலை. கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை.

"அண்ணே, ரிசப்ஷன் மானிட்டரையும் கீபோர்டையும் எடுத்தாந்து சர்வர்ல சொருவுங்க. நான் சொல்றத அப்படியே அடிங்க."

"இரும்மா. மொதல்ல ஒன்னு சொல்லு. கடைசியா அது எப்போ நல்லா ஓடுச்சி? அதுக்கப்பறம் நீ இன்னாத்த மூடின, இன்னாத்த தொறந்த?"

"நான் ஒன்னும் பண்ணலண்ணே."

"தண்ணி வரலன்னா நான் மோட்டாருகிட்ட ஓட மாட்டேன். கடைசியா எந்த வால்வத் தொட்டேன்னு நோட்டத்தான் பாப்பேன். நெனச்சுப் பாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினேழு பேர் உயிர் ஊசலாடுகிறது, இவர் வால்வு கதை பேசுகிறாரே என்று. ஆனாலும் யோசித்தேன். சட்டென்று நினைவு வந்தது.

அன்று காலை டீ குடித்துக்கொண்டே சர்வர் பாதுகாப்பு பற்றி ஒரு வீடியோ பாடம் பார்த்தேன். கையோடு வீட்டிலிருந்தே சர்வருக்குள் போய் sudo ufw enable என்று அடித்தேன். ஃபயர்வாலை ஆன் செய்யும் கமாண்ட் அது. 'இணைப்பு துண்டிக்கப்படலாம், தொடரவா?' என்று நியாயமாகக் கேட்கவும் செய்தது. பெரிய கெட்டிக்காரி மாதிரி y தட்டினேன். யார் யாரை உள்ளே விடலாம் என்று முதலில் சொல்லிவைத்துவிட்டுத்தான் அதை ஆன் செய்ய வேண்டும். நான் சொல்லவில்லை. அது என்னையும் சேர்த்து எல்லோரையும் வெளியே நிறுத்திவிட்டது.

"அண்ணே... நான்தான் மூடிட்டேன்."

"சரி வுடு, தொறந்துக்கலாம். இன்னா அடிக்கணும்?"

பாஸ்வேர்டிலேயே தகராறு. "அடிக்கிறேன்மா, ஒன்னுமே வுழலியே?"

"அது கண்ணுக்குத் தெரியாதுண்ணே. நம்பி அடிங்க."

"நல்லா சொன்ன போ" என்று சிரித்தார். மூன்றாவது தடவை உள்ளே போனார்.

அடுத்து கமாண்டைச் சொன்னேன். அவர் அடிக்கவில்லை. தன் நோட்டில் எழுதிக்கொண்டு எனக்கே திருப்பிப் படித்தார். "எஸ், யூ, டி, ஓ. ஒரு எடம் வுட்டு, யூ, எஃப், டபிள்யூ. இன்னொரு எடம் வுட்டு, ஈ, என், ஏ, பி..."

"ஐயோ, நிறுத்துங்கண்ணே!"

பதற்றத்தில் disable என்பதற்குப் பதிலாக மறுபடியும் enable சொல்லியிருந்தேன்.

"எழுதி, படிச்சுப் பாத்துட்டுதாம்மா கை வெப்பேன். ரத்தத்துக்குப் பக்கத்துல போற தண்ணி இல்லியா" என்றார், மூச்சுகூட மாறாமல்.

இந்த முறை சரியாகச் சொன்னேன். எழுதினார், படித்தார், அடித்தார். "வந்துடுச்சி கலா!" என்று சிஸ்டரின் குரல் பின்னாலிருந்து கேட்டது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு நம்பர்களைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு நானும் சிஸ்டரும் போன் போட்டோம். பாலம் மூடுவதற்குள் பதினேழு பேரும் வந்து சேர்ந்தார்கள். கடைசியாக வந்தவர் பனித்திட்டு ஏழுமலை ஐயா, யாருடைய டிராக்டரிலோ தொற்றிக்கொண்டு. அதன்பிறகு மூன்று நாள் பாலம் திறக்கவில்லை.

தண்ணீர் வடிந்ததும் நேரே டாக்டரம்மாவிடம் போய் ஒப்புக்கொண்டேன். "ஆரோக்கியம் நோட்டுலயே படிச்சிட்டேன். ஃபயர்வால சரியாப் போடு, போ" என்றார். அவ்வளவுதான். இன்று நான் இந்த வேலையில் இருப்பது அந்த இரண்டு பேரால்தான். இப்போது என் மேஜையிலும் ஒரு நோட்டு இருக்கிறது. எதையும் மாற்றுவதற்கு முன் அதில் எழுதி, வாய்விட்டுப் படித்த பிறகுதான் என்டர் தட்டுகிறேன். புதிதாகக் கற்கும் பிள்ளைகளே, நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

அந்த வாரம் ஏழுமலை ஐயா டயாலிசிஸ் கட்டிலில் படுத்தபடி, "நீதான் போன் போட்டியாமே, நல்லா இரு" என்றார். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. நடந்ததை முழுசாகச் சொன்னேன்.

கேட்டுக்கொண்டவர் சொன்னார்: "எங்க நம்பரயெல்லாம் ஒரு பேப்பர்லயும் எழுதி வெச்சுக்கயேம்மா. அத்த யாரு மூடப் போறா?"

அதிலிருந்து மாதம் பிறந்ததும் பட்டியலை அச்செடுத்து சிஸ்டரின் அலமாரியில் வைக்கிறேன். வைப்பதற்கு முன் ஏழுமலை ஐயாவிடம் காட்டுவேன். "எம் பேரு இதுல இருக்குதா?" என்பார். இருக்கிறது என்பேன். "அது போதும்" என்று கண்ணை மூடிக்கொள்வார்.