இடது மூலை

அவள் புருஷனுக்கு அலுவலகத்தில் தபால்களைப் பிரித்து அடுக்கும் வேலை. வீட்டில் லென்ஸுகளை ஆராயும் வேலை. மிரர்லெஸ் கேமரா வாங்கினால் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வருமே, அந்தச் சின்ன ஜூம் லென்ஸ். விவரம் தெரிந்தவர்கள் வாங்கிய வாரமே வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அவன் தேடிப்பிடித்து அப்படி மூன்று வைத்திருந்தான். மூன்றும் நொண்டிக் குதிரைகள். எது குறைவாக நொண்டுகிறது என்று ஆறு வருஷமாகப் பந்தயம் நடத்திக்கொண்டிருந்தான்.

ஆறு வருஷமும் லென்ஸின் கூர்மையைச் சோதிக்க அவன் எடுத்தது எதிர்வீட்டுச் செங்கல் சுவர். மகள் ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்கிய அன்று அவன் போகவில்லை. சீரான மேகமூட்டம், சுவருக்கு ஏற்ற வெளிச்சம். முடிவுகளை இணையத்தில் ஒரு குழுவில் போடுவான். அங்கே அவனைப் போல இருபது பேர், ஒருவர் சுவரை இன்னொருவர் மெச்சிக்கொண்டு.

அவள் அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகனோடு இருக்க வெளிநாடு கிளம்பினார். அவர் இதயம் இருக்கிற நிலையில் திரும்பி வரப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அவளுடைய சின்ன வயதில் அவர் எப்போதும் டியூட்டியில். அப்பாவும் அவளும் மட்டும் சேர்ந்த படம் என்று ஒன்றுகூட இல்லை. போவதற்குள் ஒன்று வேண்டும் என்று அவள் போனை எடுத்தாள்.

"வீட்டுல மூணு லென்ஸ் இருக்கறப்ப போன்லயா?" என்றான் புருஷன்.

மாப்பிள்ளை மனம் கோணக்கூடாது என்று அப்பா போனை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

அவன் கேமராவை முக்காலியில் நிறுத்தி, கூடத்துச் சுவரின் இடது கோடியில் அவரையும் வலது கோடியில் அவளையும் நிற்க வைத்தான். நடுவே ஒரு பஸ்ஸையே நிறுத்தலாம். கிட்ட வரட்டுமா என்று கேட்டாள். நடுவில் எந்த லென்ஸும் நன்றாகத்தான் எடுக்கும், ஓரத்தில்தான் அதன் வண்டவாளம் தெரியும் என்று, பாவம் பார்த்து விளக்கினான்.

"மாப்பிள்ளை, எங்களுக்குள்ள தகராறு ஒண்ணும் இல்லையே" என்றார் அப்பா.

"சிரிக்காதீங்க மாமா, ஆடிடும்."

அவன் மூன்றாவது லென்ஸை மாட்டும்போது வாசலில் ஏர்போர்ட் போக வந்த கார் ஹாரன் அடித்தது. படம் விழும்வரை அப்பா அசையாமல் நின்றார். பிறகு பெட்டியைத் தூக்கினார்.

இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து போன்.

"மாப்பிள்ளை அனுப்பினது வந்துச்சும்மா. மூணு காது. மூணும் என்னோடதுதான். நீ எங்க?"

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே புருஷனிடம் போய்க் கேட்டாள்.

"வலது ஓரத்துல மூணும் ஒரே மாதிரி சொதப்பல். ஒப்பிட ஒண்ணும் இல்ல."

முழுப் படம் எங்கே என்று கேட்டாள்.

"வேண்டிய மூலையை வெட்டி எடுத்தாச்சு. அப்புறம் முழுசு எதுக்கு, இடத்தை அடைச்சிக்கிட்டு? அழிச்சிட்டேன்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆர்வமாகக் கேட்கிறாள் என்று நினைத்து, அவன் திரையில் காதைப் பெரிதாக்கினான். இரண்டாவது லென்ஸில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிவதைக் காட்டினான்.

 போனில் எல்லாம் அப்பா காதிலும் விழுந்திருக்கும்.

"சரி விடும்மா. கடைசியில எதுதான் ஜெயிச்சதாம்?"

"இன்னும் முடிவாகலப்பா" என்றாள். "நாலாவது ஒண்ணு வருதாம்."