பாரதீப் கிழக்கே இருக்கிறது

லாரி புக்கிங் ஆபீஸில் உட்காருகிறவனுக்கு இந்தியாவில் எல்லா ஊரும் தெரிந்திருக்க வேண்டும்; ஆனால் தெரியும் என்று வெளியே சொல்லிவிட்டால் தொலைந்தான்.

நான் சொல்லிவிட்டுத்தான் வேலைக்கே சேர்ந்தேன். சிவகாசியில் பட்டாசு லோடு அனுப்பும் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் பதினான்கு வருஷமாக புக்கிங் கிளார்க். அதற்கெல்லாம் முன்னால், ஏழாம் வகுப்புப் படிக்கும்போது, ‘ஓடு, ஊரைத் தேடு’ என்று டிவியில் வந்த பிள்ளைகள் போட்டியில் மூன்று வாரம் வந்தேன். மூன்றே வாரம். ஆனாலும் விருதுநகரில் எங்கள் தெருப்பக்கம் எனக்கு ஜாபர் என்ற பெயர் நிலைக்கவில்லை. ‘டிவியில ஓடுன பையன்’ என்றால்தான் தெரியும். பாதித் தலை வழுக்கையான பிறகும் பையன்தான்.

மாறுவேடப் போட்டியோ, திருக்குறள் ஒப்பித்தலோ, சின்ன வயதில் ஒரு தடவை பெயர் வாங்கிவிட்டு மிச்ச ஆயுள் முழுக்க அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். மேலே படியுங்கள். இவனைவிட நம் நிலைமை தேவலை என்று ஆறுதல் கிடைக்கும்.

சாக்கடை ஓரம் கன்னியாகுமரி

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும். ஸ்டுடியோ தரை முழுக்க இந்தியாவை வரைந்திருப்பார்கள். ஆறு இருக்கும், மாநில எல்லை இருக்கும், ஊர்ப் பெயர் ஒன்றுகூட இருக்காது. நடத்துகிறவர் கோட் போட்டுக்கொண்டு, கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஓர் ஊரின் பெயரைச் சொல்வார். முதலில் மணியை அடித்த பிள்ளை கொடியோடு ஓடிப்போய் அந்த இடத்தில் நட வேண்டும். சரியென்றால் விசில். தப்பென்றால் ஒரு தவுல் சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டால் டிவி பார்க்கிற நமக்கே அவமானமாக இருக்கும்.

நிகழ்ச்சி முடிந்ததும் நாங்கள் தெருவில் சாக்பீஸால் இந்தியா போட்டுவிடுவோம். டிரான்ஸ்ஃபார்மர் அடியில் காஷ்மீர். சாக்கடை ஓரம் கன்னியாகுமரி. சென்னை, கல்கத்தா என்றால் முட்டி மோதுவோம். கன்னியாகுமரி என்றால் எவனும் அசைய மாட்டான். நடுவில் டெல்லியில்தான் எதிர்வீட்டு மிளகாய் வியாபாரி தினமும் சைக்கிளை நிறுத்துவார். ஒருநாள் நான் கொடியை நட்டுவிட்டு, ஜெயித்த தோரணையில் இடுப்பில் கைவைத்து நின்றேன். அவர் வெளியே வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏலே, நீ டெல்லியப் பிடிச்சதெல்லாம் சரி, செத்த நகர்ந்து பீகார்ல நில்லு. நான் மண்டிக்குப் போணும்.”

முதலாளி கேட்ட கேள்வி

எங்கள் பள்ளியிலிருந்து போட்டிக்கு ஒரே அணியாக இரண்டு பேர் போனோம். ஒருவன் நான். இன்னொருத்தி மாரிச்செல்வி. அச்சங்குளத்துப் பிள்ளை, விருதுநகரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். அவள் அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. செல்வி அதிகம் பேச மாட்டாள். பேசாத பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்த வயதில் என் அபிப்பிராயம். முதல் இரண்டு வாரம் ஜெயித்தோம். மூன்றாவது வாரம் தோற்றோம். “கடைசிக் கேள்வி ரொம்பக் கஷ்டம், ரெண்டு பேருக்குமே தெரியல” என்று ஊரில் எல்லாரிடமும் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன்.

படிப்பு முடிந்து, இரண்டு மூன்று கடைகளில் நின்று பார்த்து, ஒன்றும் ஒட்டாமல் இந்த ஆபீஸுக்கு வந்தேன். முதலாளிக்கு நிகழ்ச்சி ஞாபகம் இருந்தது. “கவுகாத்தி எங்க இருக்கு?” என்றார். “அஸ்ஸாம். பிரம்மபுத்திராவுக்குத் தென்கரை” என்றேன். அதோடு நில்லாமல், எதிர்க்கரையில் இருக்கும் ஊர்களையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாளைக்கே வரச் சொன்னார். வாசல் வரைக்கும் கூடவே வந்து தோளில் கைவைத்துச் சொன்னார்: “தென்கரையோ வடகரையோ, அது கிடக்கட்டும் தம்பி. அங்கன சரக்கு இறக்க ஆள் கிடைக்குமான்னு கேட்டு வை.”

திம்பம்

எங்கள் டிரைவர்களில் மூத்தவர் முனியசாமி அண்ணன். சாத்தூர்க்காரர். நான் சேர்ந்த முதல் தீபாவளி சீசனில் அவருக்கு மைசூர் லோடு. வழக்கமாக பெங்களூர் சுற்றிப் போவார். நான் மேப்பை விரித்து, ஸ்கேல் வைத்து அளந்து, சத்தியமங்கலம் வழியாக எம்புட்டு தூரம் மிச்சம் என்று காட்டினேன். அவர் ஸ்கேலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புதுப் பையன் மனசு கோணக் கூடாது என்று நினைத்திருப்பார். சரி என்று கிளம்பிவிட்டார்.

திம்பம் மலையில் ஒரு வளைவில் லாரி திரும்பாமல் குறுக்கே நின்றுவிட்டது. முன்னால் இருபது வண்டி, பின்னால் முப்பது வண்டி. பஸ்ஸில் இருந்த சனம் முழுக்க இறங்கி வந்து அவரைத் திட்டியிருக்கிறது. அரைநாள் கழித்துத்தான் நகர்ந்தார். திரும்பி வந்ததும் நேராக என் மேஜைக்கு வந்தார். கோபம் இருக்கும் என்று எழுந்து நின்றேன். அவர் உட்கார்ந்து, டீ வாங்கிக் குடித்து, கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “பாய், உங்க மேப்புல திம்பம் ஒரு கோடு. எனக்கு அது இருபத்தேழு வளைவு.”

மங்கோலியா

தெரிந்தவர்கள் கண்ட இடத்தில் கேள்வி கேட்பது நமக்கெல்லாம் பழகிப்போன தொல்லை. கல்யாண வீட்டில் பிரியாணி வாயில் இருக்கும்போது பெருவின் தலைநகரம் கேட்டவர்கள் உண்டு. கூடப் பிறந்தவளின் நிக்காஹ் பந்தலில், மாப்பிள்ளையின் மாமா நைல் நதியின் நீளம் கேட்டார். நானும் சொன்னேன். அதுதான் நம் வியாதி.

சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், சூரத்தில் இருக்கும் மகளுக்கு எங்கள் பார்சல் கிளையில் மிளகாய்வற்றலும் காராச்சேவும் அனுப்பியிருந்தார். பத்து நாளாகியும் போய்ச் சேரவில்லை. விசாரிக்க வந்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு முகம் மலர்ந்துவிட்டார். “நீங்க அந்தப் பையன்ல. மங்கோலியா தலைநகரம் சொல்லுங்க பாப்போம்.” உலான்பாதர் என்றேன். சந்தோஷமாகத் தலையாட்டினார். பிறகு ரசீதை நீட்டி, பார்சல் எங்கே என்றார். கம்ப்யூட்டரைத் தட்டினேன், இரண்டு ஊருக்குப் போன் செய்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “உலான்பாதர் எங்க இருக்குன்னு தெரியுது. என் காராச்சேவு எங்கன இருக்குன்னு தெரியலையே தம்பி.”

பிலாஸ்பூர்

இத்தனை வருஷத்தில் மாரிச்செல்வி அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் டெஸ்பாட்ச் பார்க்கிறவளாகியிருந்தாள். எந்தப் பெட்டி எந்த ஊருக்கு என்று சீட்டுப் போட்டு எங்களுக்கு அனுப்புவது அவள் வேலை. சீசனில் தினமும் போனில் பேசுவோம். என்னை ‘பாய், வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிடுவாள். டிவியைப் பற்றி ஒருநாளும் பேச்சு எடுத்ததில்லை.

போன வருஷம் தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கும்போது பிலாஸ்பூருக்கு ஒரு முழு லாரி லோடு. சீட்டைப் பார்த்ததும், சத்தீஸ்கர், நாக்பூர் தாண்டிக் கிழக்கே, என்று பார்த்த வேகத்தில் டிரைவருக்கு வழி எழுதிவிட்டேன். முனியசாமி அண்ணன் கிளம்பிப்போய் இரண்டாவது நாள் செல்வி போன் செய்தாள். “பாய், பிலாஸ்பூர் வண்டி எங்க நிக்குது?” நாக்பூர் நெருங்கிவிட்டது, சத்தீஸ்கருக்குத் திரும்பிவிடும் என்றேன். அந்தப் பக்கம் அவள் காகிதம் புரட்டுவது கேட்டது. “சீட்டுல பின்கோடு ஒண்ணுல ஆரம்பிக்குது பாருங்க. சத்தீஸ்கர்னா நாலுல்ல வரும். இது இமாசலப் பிரதேசத்துல இருக்க பிலாஸ்பூர்.”

தீபாவளி கழிந்து போய்ச் சேருகிற பட்டாசை யார் வாங்குவார்கள். அந்த மலை ஊர்க் கடைக்காரருக்கு வருஷத்துக்கே அதுதான் வியாபாரம். அண்ணனுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆறாவது தடவை எடுத்தார். நாக்பூருக்கு வெளியே வண்டியை ஓரங்கட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கிழக்கே திரும்பாமல் வடக்கே போகச் சொன்னேன். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் சரக்கு இறங்கியது. செல்விக்கு நன்றி சொல்லப் போன் செய்து, எப்படி விட்டேன் என்றே தெரியவில்லை என்றேன். அவள் சொன்னாள்: “தெரியாதவன் ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்புவான் பாய். தெரிஞ்சவுக கேக்க மாட்டீகளே.”

வீடியோ

இந்த வருஷம் யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் பழைய நிகழ்ச்சியை இணையத்தில் ஏற்றிவிட்டார். முதலாளி போனில் போட்டு எல்லாரையும் கூப்பிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. டீ சொல்லி, முனியசாமி அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். எண்ணெய் வழிய வகிடெடுத்துச் சீவிய ஒரு பையன் வந்து நின்றான். அருவருப்பான தன்னம்பிக்கை. ஜெயித்தால் இரண்டு பேருக்கும் டெல்லிச் சுற்றுலா என்று கோட் போட்டவர் அறிவித்தார். செல்வி ஒரு தடவை சிரித்தாள்.

கடைசிக் கேள்வி. “துறைமுகம்...” என்று அவர் ஆரம்பிக்கும்போதே மணிக்கு இரண்டு கை போகின்றன. செல்வியின் கைதான் முந்துகிறது. நான் அதைத் தட்டிவிட்டு மணியை அடிக்கிறேன். “பாரதீப்” என்கிறார். செல்வி வலது பக்கம் கையை நீட்டுகிறாள். ‘கிழக்கே, கிழக்கே’ என்று வாயசைவது, டிவியில் ஒரே தடவை ஓடியபோது யாரும் கவனிக்காதது, தெளிவாகத் தெரிகிறது. நான் அவளைத் திரும்பிப் பார்க்கிறேன். பார்த்துவிட்டு, ஒடிசாவில் இருக்கும் பாரதீப்புக்கு மேற்கே ஓடி குஜராத்தில் கொடியை நடுகிறேன். தவுல் சத்தம்.

முனியசாமி அண்ணன் போனை வாங்கி அந்த இடத்தை மறுபடியும் ஓட்டிப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: “அந்தப் பிள்ளை சரியாத்தானே சொல்லுது. நீங்க பாத்தீகள்ல. பாத்துட்டு ஏன் பாய் அங்கிட்டு ஓடுனீக?”

அச்சங்குளம்

மறுநாள் மத்தியானம் செல்வியின் கம்பெனிக்குப் போனேன். ஏதோ ஒரு பில்லைச் சாக்காக எடுத்துக்கொண்டேன். பட்டாசுக் கம்பெனிக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். கேட்டில் கொடுத்துவிட்டு, சொல்ல வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவளைப் பார்த்ததும் அத்தனையும் மறந்துபோயிற்று. “வீடியோ பாத்தேன்” என்றேன். “நானும் பாத்தேன். அம்மாவும் பாத்துச்சு” என்றாள். “உனக்குத் தெரிஞ்சிருக்கு. நான்தான் கையத் தட்டி விட்டிருக்கேன். ஊர் பூரா ரெண்டு பேருக்கும் தெரியலன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். தப்பு செல்வி.”

அவள் சீட்டுகளை அடுக்கிக்கொண்டே, பல வருஷம் கழித்து என்னை ‘நீ’ என்றாள். “அது எனக்கு அன்னைக்கே தெரியும் ஜாபர். உனக்குத் தெரியத்தான் இம்புட்டு நாளாயிருக்கு.” அப்புறம், அம்மா அக்கம்பக்கத்தில் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்த்ததையும், தோற்றதும் டிவியை அணைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனதையும் சொன்னாள். ஊருக்கு வந்த செல்வியிடம் அம்மா ஒன்றுமே கேட்கவில்லையாம். எனக்குத் தரையைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

“டெல்லி போகணும்னு இருந்துச்சா?” என்று கேட்டேன். “இருந்துச்சு. இப்பவும் இருக்கு. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியவும் அம்மாவையும் கூட்டிட்டுப் போறோம்.” எனக்கு உயிர் வந்தது. மதுரையில் ஏறுவதா, இங்கேயே ஏறுவதா, எந்த ரயில், இறங்கி எந்தப் பக்கம் போக வேண்டும், எல்லாம் நான் பார்த்துத் தருகிறேன் என்று வேகமாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தி, சிரிக்காமல் சொன்னாள்: “டிக்கெட்டெல்லாம் எங்க வீட்டுக்காரர் பாத்துக்கிடுவாரு. நீ மட்டும் வழி சொல்லிராத.”

இந்தியா முழுக்க லோடு அனுப்புகிற நான், அன்றைக்கு அச்சங்குளத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு இரண்டு பேரிடம் வழி கேட்டுத்தான் வீடு வந்து சேர்ந்தேன்.