வெளுத்து முளைத்த சுரை

வடக்கனந்தலில் எங்கள் கொல்லைச் சுரைக்காய்க்குத் தனிப் பெயர் உண்டு. அப்பா கல்வராயன் மலையிலிருந்து கொண்டுவந்த விதை. வருடத்துக்கு ஒரே கொடி. நல்ல காயாக ஒன்றை முற்றவிட்டு, அடுத்த ஆடியில் அந்த விதையையே ஊன்றுவோம். வெளி விதையை அக்கா கொல்லைக்குள் விடமாட்டாள். என் கல்யாணத்திலும் அவள் கொள்கை அதுதான். சொந்தம் விட்டுப் போகக் கூடாதென்று தன் மகளையே எனக்குக் கட்டிவைத்தாள். அக்காவே மாமியாராகிவிட்டால் யாரிடம் போய் முறையிடுவது?

போன ஆடியில் முளைத்த எதுவும் சரியில்லை. ஒன்றுக்கு மூன்று விதையிலை. ஒன்று குருத்தே இல்லாமல் மொட்டையாக நின்றது. இன்னொன்று தண்டு, இலை எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

“இன்னா மாமா இது, இப்படி வெளுத்துக்கினு நிக்குது?” என்றாள் மனைவி. அன்றிலிருந்து அதற்குத் தனிக் கவனிப்பு. வெயில் படாமல் கூடை கவிழ்த்தாள். சாணம் கரைத்து ஊற்றினாள்.

கள்ளக்குறிச்சி விதைக்கடை பாயிடம் கேட்டேன்.

“ஒரே கொடி வெதையவே போட்டுக்கினு வந்தா, உள்ள மறைஞ்சிருந்த கொறை ஒரு நாள் வெளிய வந்துடுங்க. பச்சை இல்லாத செடி தானா சாப்பாடு செஞ்சுக்காது. வெதையில இருக்கிற சத்து தீர்ற மட்டுந்தான் உசுரு” என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது பாய் சொன்னதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எங்களுக்குப் பிறந்து சில மாதங்களிலேயே இறந்துபோன மகளைப் பற்றி டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். “சொந்தத்துல கட்டினீங்களா?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அக்கா மனம் நோகுமென்று நான் வீட்டில் வாய் திறக்கவில்லை. அக்காவோ, பால் சரியாகக் கொடுக்கவில்லை, வாயைக் கட்டவில்லை என்று பெற்ற மகளையே குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

சில நாளில் வெள்ளை முளை சாய்ந்துவிட்டது. மனைவி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

“நான்தான் சரியா பாத்துக்கல மாமா.”

“நீ இன்னா பண்ணியிருந்தாலும் பொழைச்சிருக்காது. கொறை வெதையிலயே இருந்துச்சாம்.”

சாய்ந்த முளையைக் கையில் எடுத்தாள்.

“அப்போ நம்ம பாப்பாவுக்கும் அப்படித்தானா? என் பாலால இல்லையா?”

உன் பாலால் இல்லை என்றேன். டாக்டர் அப்போதே சொன்னார் என்றும் சொன்னேன்.

அவள் அழவில்லை. “அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா மாமா?” என்று மட்டும் கேட்டாள்.