பதிமூன்று மணி நேரத் தூரம்

குணாளன் பினாங்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். சுங்கை பினாங் அடுக்குமாடியில் வீடு. மனைவி பிரேமா. ஒரே மகன் அர்ஜுனனுக்கு லண்டனில் வேலை. அங்கிருந்து கோலாலம்பூருக்குப் பத்தாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பதிமூன்று மணி நேரம். பினாங்குக்கு இன்னும் ஒரு மணி நேரம். மகன் விமானம் ஏறிவிட்டால் அது தரையிறங்கும்வரை பிரேமாவுக்குச் சோறு இறங்காது. "இப்ப எந்த ஊர் மேல பறக்குறான், பாருங்கலா" என்று புருஷனின் கைப்பேசியைப் பிடுங்காத குறைதான்.

அந்தப் பிரேமா ஒரு வியாழக்கிழமை விடியலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

தூரத்தில் இருப்பவனிடம் சாவுச் செய்தியைப் பட்டென்று போட்டு உடைக்கும் வழக்கம் நம்மில் ஏது? "முடியலன்னு மட்டும் சொல்லு தம்பி, புள்ள தனியா வரணும்" என்றாள் அக்கா சந்திரிகா. குணாளனுக்கும் அதுவே சரியென்று பட்டது. முன்பின் தெரியாதவர்கள் நடுவில் அத்தனை நேரம் பிள்ளை அழுதுகொண்டு வருவதா? "அம்மாவுக்குக் கொஞ்சம் முடியலப்பா. ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போ" என்றார், குரல் உடையாமல். பெரிய கெட்டிக்காரத்தனம்தான், போங்கள்.

அர்ஜுனன் அன்றைய விமானத்துக்கே டிக்கெட் போட்டான். வெள்ளிக்கிழமை காலை வந்துவிடுவான், மாலைக்குள் எடுத்துவிடலாம் என்று ஏற்பாடு. அதைத் தாண்டினால் சனி. சனிப் பிணம் தனியே போகாது, துணை தேடும். அந்தப் பயம் குணாளனுக்கும் இருந்தது. கட்டடம் நிறையச் சின்னப் பிள்ளைகள்.

வியாழன் மாலை மகன் கூப்பிட்டான். ஏறப்போகிறேன் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறான் என நினைத்து எடுத்தார்.

"அப்பா, டிக்கெட்ட நாளைக்கு மாத்திட்டேன். ஆபீஸ்ல ஒரு வேல இன்னிக்கே முடிக்கணும். கொஞ்சம்தானே முடியல? எங்க, அம்மாகிட்ட போன குடுங்க."

பிரேமாவைக் கிடத்தியிருந்த குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில்தான் குணாளன் நின்றுகொண்டிருந்தார். அடுத்த விமானம் லண்டனில் ராத்திரிதான், இங்கே வெள்ளி விடியல்; அதைப் பிடித்தாலும் பொழுது சாய்வதற்குள் அவன் வந்து சேர முடியாது. இப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"தூங்குறாப்பா."

"எழுப்பாதீங்க. வந்து பேசிக்கிறேன்."

ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். இங்கே ஒரே ஒரு பொய், பெற்றவள் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவிடாமல் பிள்ளையைத் தடுத்துவிட்டது. மகன் வைக்கவேண்டிய கொள்ளியைப் புருஷனே வைத்தார். யார் தேற்றியும் அவர் அழுகை அடங்கவில்லை.

சனிக்கிழமை விமான நிலையத்துக்கு அவரே போனார். பெட்டியை இழுத்துக்கொண்டு சிரித்தபடி வந்த அர்ஜுனன் அப்பாவின் மழித்த தலையைப் பார்த்தான். பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நீ அழுதுக்கிட்டே வரக்கூடாதேன்னு..." குணாளனால் முடிக்க முடியவில்லை.

"வழியெல்லாம் அழுதிருப்பேன்பா" என்றான் மகன். "ஆனா நேத்தே வந்திருப்பேன்."